கடிதம் வராத கார்

கார் வாங்கிய அன்று அதன் முன்னால் குடும்பமாக நின்று ஒரு படம் எடுத்து, மெல்பேணில் இருக்கும் தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். போனற்றில் மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, சில்லுகளுக்கடியில் நசிந்த தேசிக்காய். கிளிநொச்சி வெயிலில் அந்த வெள்ளை நிறம் கண்ணைக் கூசவைத்தது. சந்தோசம் சொல்வாள் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அண்ணா, இது எங்கட பழைய கார் மாதிரியே கிடக்கு. அதுக்கு நாங்கள் எயார்பாக் மாத்தினனாங்கள். இதுக்கு மாத்திக் கிடக்கோ எண்டு கேட்டனீங்களோ?"

நான் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது.

அவர்கள் வீட்டுக்கு முதலில் ஒரு கடிதம் வந்ததாம். மச்சானுக்கு இரவு வேலை, மேசையில் கிடந்தது. பிறகு இன்னொரு கடிதம். அதற்குப் பிறகு கைபேசிக்குச் செய்தி. கடைசியில் ஆளே கூப்பிட்டுச் சொன்னாராம்: வண்டியைக் கொண்டுவரும்வரை முன்னால் இடதுபக்க இருக்கையில் எவரையும் ஏற்றாதீர்கள். 2018 இல் ஆஸ்திரேலிய அரசு அதைக் கட்டாய மீளழைப்பாக, அதாவது பழுதான வண்டிகளைக் கம்பனியே திரும்பக் கூப்பிட்டுத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்று, அறிவித்திருந்தது. முப்பது லட்சத்துக்கும் கூடிய வாகனங்கள். 2020 முடிவதற்குள் பழுதான எயார்பாக் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று கம்பனிகளுக்குக் கட்டளை. அந்த அறிவிப்புக்கு முந்திய வருடம், 2017 யூலை மாதம், சிட்னியில் ஒருவர் சிறியதொரு விபத்தில், எயார்பாக்கின் உள்ளிருந்து வந்த இரும்புத் துண்டு பட்டு இறந்திருந்தார்.

முன்னால் இடதுபக்க இருக்கை எங்கள் காரில் அம்மாவின் இருக்கை. முழங்கால் மடங்காது. கால் நீட்டி இருக்க அந்த ஓர் இடம்தான் வசதி. அம்மாவை மாதமொருமுறை யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோகத்தான் அந்தக் காரையே வாங்கினேன்.

அதற்காகப் பார்க்காமல் வாங்கினோம் என்றில்லை. 2021 இல் வவுனியாவுக்குப் போய், ஒரு முழுப் பகலும் நின்று பார்த்து வாங்கிய வண்டி. அந்த நேரத்தில் வாகன இறக்குமதி நின்றுபோய் ஒரு வருடம் கடந்திருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலமெல்லாம் நாட்டுக்குள் ஏற்கெனவே நின்ற வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. வயது ஏற ஏறக் காரின் விலையும் ஏறிய காலம். எனக்குக் கிடைத்தது 2003 இல் ஜப்பானில் செய்தது. எந்தக் கம்பனி, எந்த மொடல் என்று இங்கே எழுதவில்லை. நான் சொல்லவருவது பல கம்பனிகளின் வண்டிகளுக்கும் பொருந்தும்.

என்னோடு எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணையும் வந்தார். அவர் தொழில் பழகியது தொண்ணூறுகளில், வன்னிக்குள் பெற்றோல் வராத காலத்தில். ஒரு சின்னப் போத்தலில் இருந்து பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து என்ஜினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய வண்டிகளில் கைபழகியவர். உதிரிப்பாகம் கிடையாது, சோதிக்கிற கருவி கிடையாது. காதுதான் கருவி. இன்றைக்கும் நீளமான ஸ்குரூ றைவரின் நுனியை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, எந்த பெயரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். எத்தனையோ முறை கழற்றிப் பார்த்தபோது அவர் சொன்னதே சரியாக இருந்திருக்கிறது.

விற்பவருக்கு முதல்நாளே போனில் சொல்லியிருந்தார்: "நாங்கள் வாறதுக்கு முதல் ஸ்ராட் பண்ணிப் போடாதேங்கோ." போய் இறங்கியதும் போனற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. பழைய வண்டியின் உண்மை காலைக் குளிரில் எழுப்பும்போதுதான் தெரியும். சூடான பிறகு புகையும் அடங்கிவிடும், இரைச்சலும் அடங்கிவிடும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்பக்கத்தை விரலால் தடவினார். பால்போல வெள்ளைப் படிவு இருந்தால் தண்ணீரும் ஒயிலும் கலக்கிறது, இரண்டையும் பிரித்து வைக்கிற ஹெட் காஸ்கெற் போயிருக்கலாம். இல்லை, சுத்தம். ஸ்ரேறிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து முற்றத்தில் வட்டமடித்தார். இடப்பக்கம் திரும்பும்போது "டக் டக் டக்" என்று தாளம். என்ஜினின் சுழற்சியைச் சில்லுக்குக் கொண்டுபோகிற தண்டு, றைவ் ஷாஃப்ற். ஜாக்கி அடித்துச் சில்லைப் பிடித்து ஆட்டினார். பெடலின் ரப்பர் தேய்ந்திருந்த அளவையும் மீற்றரில் காட்டிய கிலோமீற்றரையும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சிரித்தார்.

அந்தக் குறைகளை எல்லாம் சொல்லி விலையைக் குறைத்துத்தான் வாங்கினோம். அடுத்த ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். வன்னியில் பழைய கார் ஓடுகிறவர்களுக்கு உதவும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

றைவ் ஷாஃப்றின் மூட்டைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். அதற்குள் கிறீஸ். ஒரு சின்ன வெடிப்பு விழுந்தால் போதும், சில்லு சுழலும் வேகத்தில் கிறீஸ் வெளியே தெறிக்கும். எங்கள் கிரவல் வீதியின் புழுதி உள்ளே போகும். அதற்குப் பிறகு மூட்டு அரைபடுவதற்குச் சில மாதங்களே எடுக்கும். உறை மலிவு, ஷாஃப்ற் விலை. அக்கராயனுக்கோ மல்லாவிக்கோ உள்வீதிகளில் ஓடுகிறவர்கள் ஒவ்வொரு ஒயில் மாற்றத்தின்போதும் வண்டிக்குக் கீழே ரோர்ச் அடித்து அந்த மடிப்புகளைப் பார்த்தால் பெரிய செலவு மிச்சம். அதே குனிவில் சில்லைத் தாங்குகிற லோவர் ஆர்மின் புஷ்ஷையும் போல் ஜொயின்ரையும் பார்த்துவிடலாம். போல் ஜொயின்ற் கழன்றால் சில்லு உடம்போடு மடங்கி வண்டி அந்த இடத்திலேயே குந்திவிடும். ஏ9 வீதியில் எண்பதில் போகும்போது அது நடந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு அதிகம் பாடம் படிப்பித்தது றேடியேற்றர். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்கவைத்தால் ஒரு மாதத்தில் அடியில் வெள்ளையாகப் படியும். அதே தண்ணீரைத்தான் முந்திய சொந்தக்காரர்கள் வருடக்கணக்காக றேடியேற்றருக்கும் ஊற்றியிருக்கிறார்கள். மெல்லிய குழாய்களில் பாதி அடைத்துக் கிடந்தன. வெக்கை ஏறியபோது எவரோ ஒருவர், என்ஜின் சூட்டுக்கேற்பத் தண்ணீரை விடுகிற தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிந்திருக்கிறார். மின்விசிறியையும் நேரடியாக இணைத்து, சாவி போட்டால் எந்நேரமும் சுற்றுகிற மாதிரி விட்டிருக்கிறார். பல கராஜ்களில் இது வழக்கம். காய்ச்சல்காரனின் உடம்புச் சூட்டைப் பார்க்காமல் தெர்மோமீற்றரை உடைப்பது போன்றது. ஊசி ஏறாது, ஆனால் என்ஜின் அதற்குரிய சூட்டுக்கு வராமலே ஓடும், பெற்றோலைக் குடிக்கும், உள்ளே தேயும். அடைப்போ அப்படியே வளரும். மாங்குளம் தாண்டி ஒரு நண்பகலில், ஏசி போட்டபடி, ஆறு பேரோடு போய்க்கொண்டிருந்தபோது ஊசி மேலே ஏறியது. நிறுத்தி, ஏசியை நிறுத்தி, மூடியைத் தொடாமல் முக்கால் மணித்தியாலம் பாலைமர நிழலில் இருந்தோம். சூட்டோடு மூடியைத் திறந்து முகம் வெந்தவரை எனக்குத் தெரியும்.

அதன் பிறகு றேடியேற்றரை மாற்றி, தேர்மோஸ்ராற்றைப் பூட்டி, கடையில் விற்கிற கூலன்ற்றை ஊற்றினோம். இப்போது முறிகண்டியில் நிற்கும்போதெல்லாம் போனற்றைத் திறந்து கூலன்ற் அளவைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அந்தப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் எப்படியும் நிற்கத்தானே வேண்டும். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்குவதற்கிடையில் கூலன்ற் அளவுக் கோட்டைப் பார்த்துவிடலாம்.

பிறேக் ஒயில் தேநீர் நிறத்தில் இருந்தது. இதை அநேகமானவர்கள் குறைந்தால் ஊற்றுவார்கள், மாற்றமாட்டார்கள். அது காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுக்கிற திரவம். டொட் 3 வகைப் பிறேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் 140 வரைக்கும் இறங்கலாம். வன்னி தட்டை நிலம், இங்கே அது தெரியவராது. கண்டி வழியாகக் கொழும்புக்குப் போய்க் கடுகண்ணாவையில் பிறேக்கை மிதித்தபடி இறங்கும்போதுதான் ஒயில் கொதித்து ஆவியாகும், பெடல் நிலத்தைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றச் சொன்னார் மெக்கானிக் அண்ணை. ரயர்கள் பார்க்கப் புதிதுபோல இருந்தன, பூ தேயவில்லை. பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2312 என்றால் 2012 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. ஒன்பது வருடத்து ரப்பர். நாலையும் மாற்றினோம்.

இவ்வளவும் செய்து முடித்து, வண்டி சுகமாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சியின் கேள்வி மட்டும் ஆறு மாதமாக நின்றது. வேலை, செலவு என்று தள்ளிப்போட்டுவிட்டேன். அவள் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் வந்து, "அம்மா இப்பவும் முன்னுக்குத்தான் இருக்கிறாவோ?" என்று கேட்டாள். அன்றைக்கே கராஜுக்குப் போனேன்.

"சாவியைப் போடுங்கோ தம்பி, ஸ்ராட் பண்ண வேண்டாம்," என்றார் மெக்கானிக் அண்ணை. போட்டேன். ஒயில் லைற், பற்றறி லைற், ஏபிஎஸ் லைற் எல்லாம் எரிந்தன. எயார்பாக் லைற் எரியவில்லை. சாவி போட்டதும் அதுவும் எரிந்து, ஏறக்குறைய ஆறு செக்கனில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லாவிட்டால்? வவுனியாவில் நாங்கள் இருவரும் அதைப் பார்த்தவர்கள்தான். எயார்பாக் லைற் எரியவில்லை, நல்லது என்று எடுத்துக்கொண்டோம். மீற்றர் பெட்டியைக் கழற்றினார். பின்னால் அந்த ஒரு வெளிச்சத்துக்கு மட்டும் கறுப்பு ரேப் ஒட்டியிருந்தது. யார் ஒட்டியது, எப்போது ஒட்டியது, தெரியாது. ரேப்பை உரித்ததும் லைற் எரிந்தது, அணையவில்லை. ஸ்ரேறிங்குக்குள் சுருண்டு கிடக்கும் ஸ்பைறல் கேபிள் அறுந்திருந்தது. ஹோண் சிலவேளை அடிப்பதும் சிலவேளை அடிக்காததும் ஏன் என்று அப்போது விளங்கியது. என் பக்கத்து எயார்பாக்குக்கு மின்சாரமே போகவில்லை.

அதை மாற்றலாம், மாற்றினோம். அம்மாவின் பக்கம் பற்றிக் கேட்டபோது அவர் கையை விரித்தார். "தம்பி, அது சத்தம் போடாத வருத்தம். எனக்குப் பிடிபடாது."

அன்றிரவு இருந்து வாசித்தேன். தங்கச்சி சொன்ன அந்தப் பழுதான எயார்பாக்குகளைச் செய்தது தகாத்தா, ஜப்பானில் 1933 இல் துணி நெய்யத் தொடங்கிய நிறுவனம். பிறகு இருக்கைப் பட்டி, அதன் பிறகு எயார்பாக். உலகத்துக் கார்க் கம்பனிகள் பலவும் அவர்களிடம் வாங்கின. எயார்பாக் என்பது வெறும் பையல்ல. பைக்குப் பின்னால் ஓர் இரும்புக் குடுவை. அதற்குள் இரசாயன வில்லைகள். மோதல் நடந்ததும் பொறி தட்ட, வில்லைகள் எரிந்து வாயுவாகி, கண் மூடித் திறப்பதற்குள் பை விரியும். தகாத்தா அதற்குப் பாவித்தது அமோனியம் நைத்திரேற்று. ஈரம் உறிஞ்சும் பொருளைச் சேர்க்காமல் செய்த குடுவைகளில்தான் கோளாறு. வருடக்கணக்காக ஈரமும் வெக்கையும் பட்டுப்பட்டு வில்லைகளின் இறுக்கம் தளர்ந்துபோகும். தளர்ந்த வில்லை அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். அழுத்தம் தாங்காமல் குடுவையே வெடித்து, இரும்பு துண்டு துண்டாகப் பையைக் கிழித்துக்கொண்டு வரும்.

இதை வன்னியில் எந்தக் கமக்காரருக்கும் விளங்கப்படுத்தலாம். வாய் திறந்து வைத்த யூரியா மூட்டை மாரிக்குப் பிறகு என்ன கோலத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அமோனியம் நைத்திரேற்றும் உரம்தான். அதற்கு இன்னொரு குணமும் உண்டு: 32 பாகைச் சூட்டை ஒட்டி அதன் பளிங்கமைப்பு மாறும். மாமரத்தடியில் விடிய நிற்கும் கார் 32 க்குக் கீழே. மத்தியானம் சந்தை வாசலில் கண்ணாடி பூட்டிய கார் அதற்கு எவ்வளவோ மேலே. ஒரு நாளைக்கு ஒருமுறை ஏறி இறங்கி, அப்படி எத்தனை வருடம். அமெரிக்காவில் புளோரிடா போன்ற புழுக்கமான இடங்களின் வண்டிகளுக்குத்தான் முதலில் மாற்றினார்கள். மலேசியாவிலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். எங்கள் காலநிலை மலேசியாவுக்குத்தான் கிட்ட, ஜப்பானுக்கு அல்ல.

முதல் மீளழைப்பு 2008 நவம்பரில், ஹொண்டாவினுடையது. நாலாயிரம் வண்டிகள் அளவில். 2013 ஏப்ரலில் டொயோற்றா, ஹொண்டா, நிசான், மஸ்டா நாலும் சேர்ந்து 34 லட்சம் வண்டிகளை அழைத்தன. பிறகு அது கோடிக்கணக்கில் போனது. உலக வரலாற்றில் இதைவிடப் பெரிய வாகன மீளழைப்பு நடந்ததில்லை. பரிசோதனைத் தரவுகளைத் திரித்துக் கொடுத்த குற்றத்தை 2017 இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தகாத்தா ஒப்புக்கொண்டது. நூறு கோடி டொலர் தண்டம். அதே வருடம் யூன் மாதம் வங்குரோத்து.

வாசித்ததை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அடுத்த கிளினிக் நாள் விடிய அவர் வழக்கம்போல முன்கதவைத் திறந்தார். "அம்மா, முன்னுக்கு வேண்டாம். அந்தப் பெட்டி வெடிச்சா பீஸ் அடிக்குமாம்," என்றேன். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டியதில்லை. 2009 யுத்தத்தில் வெடித்த செல்லின் பீஸ் ஒன்று இன்னும் அம்மாவின் வலது தோளுக்குள் இருக்கிறது. எடுத்தால் கை இயங்காது என்று விட்டுவிட்டார்கள். மாரி தொடங்கினால் அந்த இடம் கடுக்கும். அவர் தோளை ஒருமுறை தடவினார். கதவைச் சாத்திவிட்டுப் பின்னுக்குப் போய், காலைக் குறுக்காக நீட்டி இருந்தார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்று யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை நானும் பேசவில்லை.

தங்கச்சிக்கு நாலு தரம் சொன்னவர்கள் எனக்கு ஏன் ஒரு தரமும் சொல்லவில்லை? இதைப் பல நாள் யோசித்தேன். விடை சுலபமானது. ஜப்பானில் வண்டி யாருடைய பெயரில் பதிவோ அந்த முகவரிக்குத்தான் கடிதம் போகும். அங்கே புதுக்காருக்கு மூன்று வருடத்தில் முதல் அரசாங்கப் பரிசோதனை, அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அது செலவான காரியம் என்பதால் பலர் அந்த நேரம் பார்த்து விற்றுவிடுவார்கள். ஏலத்துக்கு வரும், பதிவை நீக்கி ஏற்றுமதி செய்வார்கள், கப்பலில் ஏறும். என் கார் இலங்கைக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் மீளழைப்பே பிறந்தது. 2018 மே முதல் அந்த எயார்பாக்கை மாற்றாத ஆபத்தான வண்டிகளுக்குப் பரிசோதனையில் சித்தி கொடுக்கமாட்டோம் என்று ஜப்பான் அரசு விதியே கொண்டுவந்தது. அப்போது என் கார் வன்னிப் புழுதியில் நின்றது. இங்கே நாங்கள் வருடாவருடம் செய்வது புகைப் பரிசோதனை ஒன்றுதான். அது புகையைப் பார்க்கும், பிறேக்கைக்கூடப் பார்க்காது. போதாததற்கு, பெயர் மாற்றாமல் ஓப்பின் பேப்பரிலேயே மூன்று நாலு கை மாறுகிற பழக்கம். அப்படி ஓடும் வண்டியின் சொந்தக்காரர் யார் என்று எவராவது கடிதம் போட நினைத்தாலும் போட முடியாது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எங்கள் பெயருக்கு வந்த கடிதங்களும் இப்படித்தான் ஏதோ ஒரு பழைய விலாசத்தில் தங்கிப்போயின.

ஆனால் வண்டிக்கு மாறாத விலாசம் ஒன்று இருக்கிறது. சேசி நம்பர். ஜப்பான் உள்நாட்டு வண்டிகளில் அது சில எழுத்தும் இலக்கமும், ஒரு கோடு, பிறகு ஆறேழு இலக்கம். என்ஜினுக்குப் பின்சுவரில் இரும்பில் அடித்திருக்கும், வண்டியின் பதிவுப் புத்தகமான சீ.ஆர். புத்தகத்திலும் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று வாங்கும்போதே பாருங்கள். முதலில் நான் போனது அமெரிக்க அரசின் தேடல் பக்கத்துக்கு. அது 17 இலக்கம் கேட்கும், எங்கள் வண்டிகளின் எண்ணை ஏற்காது. பிறகுதான் கார்க் கம்பனிகளின் ஜப்பானியப் பக்கங்களிலேயே சேசி நம்பர் கொடுத்துப் பார்க்கும் இடம் இருப்பது தெரிந்தது. எல்லாம் ஜப்பானிய மொழி. மகள் தன் போனின் மொழிபெயர்ப்புக் கமராவைத் திரைக்கு மேல் பிடித்தாள். எழுத்துகள் தடுமாறித் தடுமாறித் தமிழாகின. "பயணி இருக்கை", "காற்றுப்பை", அதற்கு நேரே "மேற்கொள்ளப்படவில்லை".

அடுத்தநாள் அந்தக் கார்க் கம்பனிக்குக் கொழும்பில் உள்ள முகவரைத் தொலைபேசியில் கேட்டேன். நாங்கள் இறக்கிய வண்டி இல்லையே என்று வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது; அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எவர் இறக்கினால் என்ன, உள்ளே இருப்பது அதே குடுவை. இரண்டாம் முறை தொலைபேசியில் பேசவில்லை. சேசி நம்பர் அடித்த இடத்தின் படம், சீ.ஆர். புத்தகத்தின் படம், ஜப்பானியப் பக்கத்தின் பிரதி மூன்றையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்தாம் நாள் வேறொருவர் மரியாதையாகக் கூப்பிட்டார். சாமானுக்குச் சொல்லியிருக்கிறோம், வந்ததும் அறிவிப்போம், காசு கட்டத் தேவையில்லை என்றார். ஆகவே சொல்கிறேன்: வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள், எண்ணோடு கேளுங்கள்.

சாமான் வர ஆறு கிழமை எடுத்தது. அதற்கிடையில் கராஜில் நின்ற ஒரு பொடியன், நானே கழற்றி எறிந்துவிடுகிறேன் அண்ணை என்றான். மெக்கானிக் அண்ணை அவனைத் திட்டித் துரத்தினார். அது வெடிமருந்து, தெரியாத கை படக்கூடாது. மாற்றும்வரை அந்த இருக்கையில் ஆள் இல்லாமல் ஓடுவதுதான் எங்களால் முடிந்த காரியம்.

கொழும்பில் வேலை முடிய இரண்டு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. கழற்றிய குடுவையைக் கண்ணாடிக்கு அப்பால் இருந்து பார்த்தேன். ஒரு ரோர்ச் லைற்றின் அளவு உருளை, வெளியில் ஒரு துருக்கூட இல்லை. ஒரு தாளில் சேசி நம்பரையும் திகதியையும் எழுதி முத்திரை குத்தித் தந்தார்கள். அதை சீ.ஆர். புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன். இந்தக் காரை என்றைக்காவது விற்றால், வாங்குகிறவர் கேட்காவிட்டாலும் அந்தத் தாளைக் கையில் கொடுப்பேன்.

மீளழைப்பு என்றதும் "அது பழுதான மொடல்" என்று சிலர் முகம் சுழிப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. இப்போது வன்னியிலும் அக்குவா, வெசல், வகன் ஆர் என்று ஹைபிரிட் வண்டிகள் பெருகிவிட்டன. 2013 செப்ரெம்பரில் வந்த ஹொண்டா ஃபிற் ஹைபிரிட் ஒரு வருடத்துச் சொச்சத்தில் ஐந்து முறை மீளழைக்கப்பட்டது. ஐந்தாவது முறையின்போது கம்பனித் தலைவரே சம்பளத்தில் வெட்டு ஏற்றுக்கொண்டார். 2014 பெப்ரவரியில் டொயோற்றா, ஓட்டத்தில் நின்றுபோகக்கூடிய மென்பொருள் கோளாறுக்காக 19 லட்சம் பிறயஸ் வண்டிகளை அழைத்தது. 2012 இல் ஜன்னல் சுவிட்ச் ஒன்றுக்காக 74 லட்சம் வண்டிகள். பிழையை ஒப்புக்கொண்டு கூப்பிட்டவர்கள் இவர்கள். வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியது எத்தனை மீளழைப்பு என்பதல்ல, இந்தச் சேசி நம்பருக்கு அது செய்தாயிற்றா என்பது. ஹைபிரிட் வாங்குகிறவர்கள் கூடவே இன்னொன்றும் பாருங்கள்: பலவற்றில் பின் இருக்கையருகே பற்றறிக்குக் காற்றுப் போகும் துவாரம் இருக்கும்; எங்கள் புழுதியில் அது அடைத்துவிடும். அதற்கு முன்னால் அரிசிப் பையைச் சாத்திவைத்து ஓடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

கொழும்பால் வந்ததில் இருந்து எங்கள் ஒழுங்கையில் கார் வைத்திருக்கிறவர்களின் சேசி நம்பரை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து வருகிறேன். பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் சிலரும் அனுப்பினார்கள். இதுவரை பார்த்த ஒன்பதில் ஆறு சுத்தம். ஒன்றுக்கு ஜப்பானிலேயே மாற்றியிருந்தார்கள். இன்னொன்றுக்குப் போன மாதம் மாற்றியாகிவிட்டது.

மிச்சம் ஒன்று, மல்லாவிக்கு ஹயர் ஓடுகிற வான். சொந்தக்காரருக்கு எண்ணைக் காட்டி, மின்னஞ்சலும் நானே எழுதிக் கொடுத்தேன். சாமான் வந்துவிட்டது என்று அறிவித்தும் விட்டார்கள். காலபோக அறுவடை முடிந்த கையோடு கொழும்புக்குப் போகிறேன் என்கிறார். நேற்று முறிகண்டியில் அந்த வானைக் கண்டேன். பின்னுக்கு ஆட்கள் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். முன் இருக்கையில் ஸ்ரெப்னி ரயரைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்.